சுத்தியல் உடைந்தது, பணம் வரவில்லை: ரைஸ்லிப் ஜாடி ஒரு நிகழ்வு ஆய்வு

2010 நவம்பர் 11 அன்று லண்டனின் மேற்குப் புறநகரான ரைஸ்லிப்பில் பீட்டர் பெய்ன்பிரிட்ஜ் என்ற ஏலக்காரர் ஓங்கி அடித்த அடியில் அவர் கையிலிருந்த சுத்தியலே உடைந்து போனது. அடித்த தொகை 4 கோடியே 30 லட்சம் பவுண்டு. ஏலக்கூடத்தின் 20 சதவீதக் கமிஷனையும் சேர்த்தால் 5 கோடியே 16 லட்சம். பொருள் ஒரு சீன ஜாடி, 40 சென்டிமீட்டர் உயரம், அதாவது நம் வீட்டுத் தண்ணீர்க் குடத்தைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். ஏலத்துக்கு முன் அவர்கள் போட்டிருந்த மதிப்பு 8 முதல் 12 லட்சம் பவுண்டு.

மறுநாள் உலகம் முழுக்க இது செய்தி. சீனக் கலைப்பொருள் ஒன்றுக்கு ஏலத்தில் கிடைத்த மிக உயர்ந்த விலை என்று எழுதினார்கள். இன்றும் பழம்பொருள் கடைகளில் உட்கார்ந்தால் இந்த எண் காதில் விழும். ஆனால் அந்தப் பணத்தை யாரும் கட்டவில்லை. கதையின் இந்தப் பாதிதான் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. சீன எனாமல் பீங்கானில் சின்ன அளவில் காசு போடுகிற என்னைப் போன்றவர்களுக்கு முக்கியமானது இந்தப் பாதிதான் என்பது என் கட்சி.

முதலில் ஜாடி எப்படி வெளியே வந்தது என்று பார்ப்போம். ஒரு வயதான அம்மாவும் அவர் மகனும், இறந்துபோன உறவினரின் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். ஜாடி அங்கே ஆடிக்கொண்டிருந்த ஒரு புத்தக அலமாரியின் மேல் இருந்தது. 800 பவுண்டுக்குத்தான் அதைக் காப்பீடு செய்திருந்தார்கள் என்று அப்போது செய்திகள் வந்தன. 1930களிலிருந்தே அந்தக் குடும்பத்தில் இருந்தது என்றும் சொல்லப்பட்டது. சீனாவை விட்டு எப்போது கிளம்பியது என்பதற்குக் காகிதம் எதுவும் இல்லை. 1860 அக்டோபரில் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் பெய்ஜிங்கில் பேரரசரின் கோடை அரண்மனையைச் சூறையாடிக் கொளுத்தினார்களே, அந்தச் சமயத்தில் போயிருக்கலாம் என்று பலர் ஊகித்தார்கள். ஊகம்தான், ஆனால் ஏலத்தில் இந்த ஊகத்துக்கும் ஒரு விலை உண்டு. அப்போது தொலைந்ததைத் திரும்ப வாங்கி வருகிறேன் என்ற உணர்வோடு கேட்கிறவர் கையை எளிதில் இறக்கமாட்டார்.

சரி, அதில் அப்படி என்னதான் இருந்தது? அது சியான்லாங் பேரரசர் காலத்துப் பொருள், 1740களில் செய்தது. உள்ளுக்குள் இன்னொரு ஜாடி இருக்கும். வெளிச்சுவரைச் சல்லடை மாதிரி குடைந்து வெட்டியிருப்பார்கள், அந்த ஓட்டைகள் வழியே உள்ஜாடி தெரியும். இதைச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று பீங்கான் சுட்டவர்களைக் கேட்டால்தான் தெரியும். களிமண் பாதி காய்ந்த பதத்தில் இருக்கும்போதே வெட்டிவிட வேண்டும், ஈரம் அதிகமானால் தொய்யும், குறைந்தால் விரிசல் விடும். அப்புறம் இரண்டையும் பொருத்திச் சூளையில் ஏற்றினால் இரண்டும் ஒரே அளவில் சுருங்க வேண்டும். ஏறக்குறைய 1300 டிகிரியில் முதல் சூடு. அது கோணாமல் வெளியே வந்த பிறகுதான் எனாமல் வேலையே தொடங்கும். பளபளப்பின் (களிமண் மேல் பூசிச் சுட்ட கண்ணாடிப் பூச்சின்) மேல் வண்ணம் தீட்டி 700, 800 டிகிரியில் மறுபடி சுடுவார்கள், சில வண்ணங்களுக்காகத் திரும்பத் திரும்பவும் சுட வேண்டி வரும். எந்தச் சுற்றில் வேண்டுமானாலும் எல்லாம் பாழாகலாம்.

இந்த வண்ணங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் விலை அங்கேதான் ஒளிந்திருக்கிறது. காங்ஷி பேரரசர் காலத்தில், அதாவது 1662 முதல் 1722 வரை, பீங்கானின் மேல் பச்சைதான் ராஜா. கண்ணாடி மாதிரி உள்ளே பார்க்கக்கூடிய பச்சை, கூடவே மஞ்சள், கத்தரிப்பூ நிறம், இரும்புச் சிவப்பு. 1720களில் ஆட்டம் மாறியது. தங்கத்திலிருந்து எடுத்த இளஞ்சிவப்பும், ஈயமும் ஆர்சனிக்கும் கலந்த அடர்ந்த வெள்ளையும் வந்தன. அந்த வெள்ளையை எந்த நிறத்தோடும் குழைக்கலாம் என்பதால், தாமரை இதழின் நுனியில் அடர்ந்து அடியில் வெளிறிப் போகிற சாயலையெல்லாம் தீட்ட முடிந்தது. பிரெஞ்சுக்காரர்கள் பிற்பாடு முதல் வகைக்குப் பச்சைக் குடும்பம் என்றும் இரண்டாவதற்கு ரோஜாக் குடும்பம் என்றும் பெயர் வைத்தார்கள். 1862இல் ஆல்பெர் ஜாக்மார் வைத்த பெயர்கள் அவை, இன்றுவரை ஏலப் பட்டியல்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. சீனர்கள் அந்தப் புது வண்ணத்தை யாங்ட்ஸாய் என்றார்கள், பொருள் 'அயல்நாட்டு வண்ணம்'. ரைஸ்லிப் ஜாடி இந்த வகை.

சீனாவின் பீங்கான் ஊரான ஜிங்டெஜென்னின் அரசுச் சூளைகளுக்கு 1728இல் வந்து சேர்ந்த தாங் யிங் என்ற அதிகாரிதான் இந்தக் காலத்தின் நாயகன். 1743இல் ஒன்பது வகைப் புது ஜாடிகளை, இரட்டைச் சுவர் கொண்டவை உட்பட, பேரரசருக்கு அனுப்பியதாகக் குறிப்பு இருக்கிறது. அதே பேரரசர்தான் தரம் சரியில்லை என்று சொல்லித் தாங் யிங்கைத் திட்டி அவரிடமே பணம் பிடித்ததும் உண்டு. அரண்மனைக் கணக்குப்பிள்ளைகள் சூளையில் உடைந்ததைக்கூட எண்ணி வைத்தார்கள். ஒரு பாத்திரம் எழுபது பேர் கை மாறி முடிகிறது என்று அந்த ஊரில் இருந்த பிரெஞ்சுப் பாதிரியார் தாந்த்ரெகோல் 1712இல் எழுதினார். அவர் பார்த்தது சாதாரண வேலை. இந்த ஜாடிக்கு இன்னும் கூடவே பட்டிருக்கும்.

அப்படியானால் 4.3 கோடி நியாயமா? 2010ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த நவம்பருக்கு ஒரு மாதம் முன்பு, அக்டோபர் 7 அன்று, ஹாங்காங்கில் சோத்பீஸ் ஏல நிறுவனத்தில் ஜே. டி. தாய் சேகரிப்பிலிருந்து மஞ்சள் பின்னணியில் எனாமல் பூசிய ஒரு சியான்லாங் ஜாடி, சுரைக்காய் உருவம், 25.27 கோடி ஹாங்காங் டாலருக்குப் போனது. ஆலிஸ் செங் என்ற சேகரிப்பாளர் வாங்கினார். சந்தை கொதித்துக்கொண்டிருந்த நேரம். ரைஸ்லிப்புக்குச் சீனாவிலிருந்து விமானம் பிடித்து வந்தவர்கள் காதில் அந்த எண் இன்னும் ஒலித்திருக்கும். அரை மணி நேரம் கேள்வி ஏறிக்கொண்டே போயிற்று.

இதற்கப்புறம் நடந்ததுதான் விஷயம். வாரங்கள் போயின, பணம் வரவில்லை. மாதங்கள் போயின, வரவில்லை. வாங்கியவர் 20 சதவீதக் கமிஷனைக் கட்ட மறுக்கிறார், பேரம் பேசுகிறார் என்று செய்திகள் கசிந்தன. கமிஷன் மட்டும் 86 லட்சம் பவுண்டு, அதன் மேல் வரி வேறு. இதில் வேடிக்கை என்னவென்றால், கமிஷன் விகிதம் ஏல நிபந்தனைகளிலேயே இருக்கும், கேட்கும்போதே தெரிந்த விஷயம். என் கணிப்பில் கமிஷன் ஒரு சாக்கு. சுத்தியல் விழுந்த பிறகுதான் பேரமே ஆரம்பம் என்று நினைக்கிற ஆட்கள் அந்தக் காலத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். சீன ஏலங்களில் கேட்டுவிட்டுக் கட்டாமல் போவது அப்போது பெரிய தலைவலி.

இன்னொரு வகையும் உண்டு. 2009 பிப்ரவரியில் பாரிஸில் கிறிஸ்டீஸ் ஏலத்தில், கோடை அரண்மனையிலிருந்து போன எலி, முயல் வெண்கலத் தலைகளை ட்ஸாய் மிங்சாவ் என்பவர் 3 கோடி யூரோவுக்கு மேல் கேட்டு எடுத்தார், அப்புறம் பணம் கட்டமாட்டேன் என்று பகிரங்கமாக அறிவித்தார். அது அரசியல். ரைஸ்லிப்பில் அப்படி எந்த அறிவிப்பும் இல்லை, வெறும் மௌனம்தான்.

ஏலக்கூடத்தின் தப்பு என்ன? என்னைக் கேட்டால் ஒன்றே ஒன்று. இந்த அளவு பொருளுக்கு முன்பணம் வாங்கிக்கொள்ளாமல் யாரையும் கேட்கவிட்டிருக்கக் கூடாது. பெரிய ஏல நிறுவனங்கள் ஹாங்காங்கில் விலை உயர்ந்த பொருள்களுக்கு முன்பணம் கட்டியவருக்கு மட்டும் தனித் துடுப்பு அட்டை (ஏலம் கேட்கக் கையில் தூக்கும் எண் அட்டை) கொடுக்கும் வழக்கத்தைக் கொண்டு வந்தன. ரைஸ்லிப் மாதிரி மேசை நாற்காலி விற்கிற இடத்தில் அந்த யோசனை எப்படி வந்திருக்கும்? அவர்களே 12 லட்சத்தைத்தானே உச்சமாக நினைத்தார்கள்.

விற்கிறவருக்கு வழக்குப் போடுவது ஒரு வழி. காகிதத்தில் சரிதான். ஆனால் வாங்கியவர் இருப்பது வேறு நாட்டில், இங்கிலாந்து நீதிமன்றத் தீர்ப்பை அங்கே எடுத்துக்கொண்டு போய்ப் பணம் வசூலிப்பது லேசான வேலை இல்லை. இரண்டாவதாகக் கேட்டவரைக் கூப்பிட்டு 'நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்' என்பது இன்னொரு வழி, ஆனால் அவர் என்ன நினைப்பார்? தன்னோடு போட்டி போட்டவரிடம் பணமே இல்லை என்றால், தானும் ஏன் அந்த உயரத்துக்கு ஏறினோம் என்றுதான். அவர் சொல்லும் விலை போட்டி தொடங்குவதற்கு முன் அவர் மனதில் இருந்த விலையாகத்தான் இருக்கும். மறுபடி ஏலம் விடுவது மூன்றாவது வழி. ஆனால் ஊருக்கெல்லாம் தெரிந்து ஒருமுறை விலை போகாத பொருளை, கல்யாணம் நின்றுபோன வீட்டைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் சந்தை பேசும்.

கடைசியில் அவர்கள் எடுத்தது நான்காவது வழி. இரண்டு வருடத்துக்கும் மேல் காத்திருந்து, 2013 ஜனவரியில் பான்ஹாம்ஸ் நிறுவனத்தின் மூலம் ஏலம் இல்லாமல் வேறொருவருக்கு நேரடியாக விற்றார்கள். விலையை வெளியிடவில்லை. 2 கோடி முதல் 2.5 கோடி பவுண்டுக்குள் இருக்கும் என்று பத்திரிகைகள் எழுதின. அந்த எண் சரியென்றால் சுத்தியல் விழுந்த தொகையில் ஏறக்குறைய பாதி. அலமாரி மேல் 800 பவுண்டு காப்பீட்டோடு உட்கார்ந்திருந்த ஜாடிக்கு இது மோசம் என்று யாரும் அழமாட்டார்கள், ஆனாலும் இரண்டு வருடம் கெட்டுப்போன தூக்கத்துக்கு யார் விலை கொடுப்பது.

இதோடு இன்னும் இரண்டு ஜாடிகளை ஒப்பிட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். 2018இல் பிரான்சில் ஒரு குடும்பம் பரணில் கிடந்த சியான்லாங் ஜாடியைச் செருப்புப் பெட்டியில் வைத்து ரயில், மெட்ரோ, நடை என்று பாரிஸ் சோத்பீஸுக்குத் தூக்கி வந்தது. மான், கொக்கு, பைன் மரங்கள் தீட்டிய அதே யாங்ட்ஸாய் வகை, 30 சென்டிமீட்டர் உயரம். மதிப்பு 5 முதல் 7 லட்சம் யூரோ, ஜூன் 12 அன்று போனது 1.62 கோடிக்கு. அங்கே நிபுணர் பொருளை அடையாளம் கண்டு அதன் காலத்தையும் இடத்தையும் பட்டியலில் எழுதியிருந்தார், கேட்டவர்கள் தெரிந்துதான் கேட்டார்கள்.

2022இல் நடந்தது நேர் எதிர். பாரிஸுக்குப் பக்கத்தில் ஃபோன்தென்புளோவில் ஒசெனா ஏலக்கூடம் 54 சென்டிமீட்டர் உயரமுள்ள, டிராகனும் மேகமும் வரைந்த ஒரு உருண்டை ஜாடியை 20ஆம் நூற்றாண்டுப் பொருள் என்று சொல்லி 2,000 யூரோ மதிப்புப் போட்டது. பார்வைக்கு வைத்த நாட்களிலேயே கூட்டம் அலைமோதியது, டார்ச் விளக்கோடு வந்து பார்த்தார்களாம். அதைப் பார்த்துச் சுதாரித்து, முன்பணம் வாங்கி, கேட்பவர்களை 30 பேராகக் குறைத்தார்கள். அக்டோபர் 1 அன்று 77 லட்சம் யூரோவில் சுத்தியல் விழுந்தது, கட்டணத்தோடு 91 லட்சத்துக்கு மேல். நிபுணர் வேலை இழந்தார். இத்தனை பேர் 18ஆம் நூற்றாண்டு என்று நம்பும்போது ஒருவர் மட்டும் சரியாக இருக்க முடியாது என்பது ஏலக்கூடத்துக்காரர் வாதம். எனக்கு இந்த வாதம் கொஞ்சமும் பிடிக்கவில்லை. 30 பேர் கையைத் தூக்கினால் களிமண்ணுக்கு வயது கூடிவிடுமா? கூட்டம் சொன்னது சரியாகவே இருக்கலாம், ஆனால் அது கூட்டமாக இருந்ததால் சரி அல்ல. அந்த நிபுணர் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை என்பது எனக்கு அவர் மேல் மரியாதையைத்தான் தந்தது.

பணமாகவே போட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. அதே ஆலிஸ் செங் 2006இல் தகைவிலான் குருவிகள் பறக்கும் ஒரு சியான்லாங் எனாமல் கிண்ணத்தை 15.13 கோடி ஹாங்காங் டாலருக்கு வாங்கினார். அது 2023இல் சோத்பீஸில் 19.8 கோடிக்குப் போனது. 17 வருடம். ஆண்டுக்குச் சராசரி ஒன்றரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். வங்கியில் போட்டிருந்தால் என்று நான் சொல்ல வரவில்லை, அவர் 17 வருடம் அந்தக் கிண்ணத்தைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பார், அதற்கு வட்டி கிடையாது.

இப்போது நம் அளவுக்கு இறங்குவோம். நான் சிங்கப்பூரில் இருப்பதால் என் கண்ணில் படுவது பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று கம்செங், பெரனாக்கன் (மலாய்ப் பழக்கவழக்கம் கலந்த உள்ளூர்ச் சீனர்) குடும்பங்களுக்காக 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஜிங்டெஜென்னில் செய்த மூடி போட்ட ஜாடி, இளஞ்சிவப்பும் பச்சையுமாகக் கண்ணைப் பறிக்கும், மூடி மேல் சின்னச் சிங்கம் உட்கார்ந்திருக்கும். இன்னொன்று பொம்மைகள்: கருணைத் தெய்வமான குவான்யின், தொந்தி புத்தர், தாவோ மரபின் எட்டு அமரர்கள், அப்புறம் ஃபூ, லூ, ஷோ என்ற மூன்று தெய்வங்கள், முறையே பாக்கியம், பதவி, ஆயுள்.

அந்த மூன்று பொம்மைகளை வைத்திருந்த ஒரு கடைக்காரர்தான் என்னை இந்த ஆய்வுக்குள் இழுத்துவிட்டார். அடியில் சியான்லாங் முத்திரை இருந்தது. நான் தயங்கியதும் அவர் உடனே, "அண்ணே, லண்டன்ல ஒரு ஜாடி அம்பது மில்லியன் பவுனுக்குப் போச்சே, கேள்விப்பட்டதில்லையா?" என்றார். கேள்விப்பட்டிருந்தேன். பணம் கட்டாத கதையைச் சொன்னேன். அவர் அதைக் கேள்விப்பட்டதில்லை, அல்லது கேள்விப்பட விரும்பவில்லை.

முத்திரையை முதல் சாட்சியாக எடுக்கக் கூடாது. சீனப் பீங்கானில் பழைய பேரரசர் பெயரைப் போடுவது எப்போதும் ஏமாற்று அல்ல, மரியாதைக்கும் போடுவார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் குவாங்ஷு பேரரசர் காலத்தில் செய்த பச்சைக் குடும்பத்துப் பொருள்களில் காங்ஷி முத்திரை வண்டி வண்டியாக இருக்கும். 1845இல் தொடங்கிய பாரிஸின் சாம்சன் நிறுவனம் சீனப் பாணி நகல்களைச் செய்து தள்ளியது. ஜிங்டெஜென் பக்கத்தில் ஃபான்ஜியாஜிங் என்ற பகுதியின் பிழைப்பே இன்று பழசு மாதிரி செய்வதுதான். ஆங்கிலத்தில் 'சைனா' என்று முத்திரை இருந்தால் ஒரு வகையில் நிம்மதி: அமெரிக்கா 1891இலிருந்து இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டதால் வந்தது அது, ஆகவே அதற்கு முந்தைய பொருள் என்று கதை விடுவது கடினம்.

நான் பார்ப்பது முதலில் அடி வளையம், பளபளப்பு பூசாத களிமண் அங்கே தெரியும். அடுத்து பூதக்கண்ணாடியில் எனாமலின் தேய்மானம். நிஜமான கீறல்கள் பல திசையில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும், பொம்மையின் மூக்கிலும் முழங்காலிலும் அதிகமாக, மடிப்புக்குள் குறைவாக. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது ஒரே திசையில் ஒரே ஆழத்தில் இருக்கும். பழைய எனாமலைச் சுற்றி, விளக்கைச் சாய்த்துப் பார்த்தால், சிப்பியின் உட்புறம் மாதிரி ஒரு வானவில் மங்கல் தெரியும். அதையும் அமிலத்தால் செய்துவிடுகிறார்கள் என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது. பொம்மைகளில் கை, காது, தலைப்பாகை நுனி மூன்றும்தான் முதலில் உடையும். பல பொம்மைகளின் முகவாயில் சின்ன ஓட்டைகள் இருக்கும், அதில் நிஜ முடியைச் செருகித் தாடி வைப்பார்கள். தாடி போய் ஓட்டை மட்டும் இருப்பது குறை அல்ல, நான் அதை விரும்பித்தான் வாங்குகிறேன்.

கடையில் விளக்கை அணைக்கச் சொல்லிப் புற ஊதா டார்ச்சை அடித்தேன். ஃபூவுக்கும் ஷோவுக்கும் பிரச்சினை இல்லை. லூவின் வலது கை மணிக்கட்டிலிருந்து பால் மாதிரி வெள்ளையாக ஒளிர்ந்தது, ஒட்டிப் பூசிய கை. கடைக்காரர் கொஞ்ச நேரம் பேசவில்லை. எனாமலையும் அடியையும் வைத்துப் பார்த்தால் மூன்றுமே 1920, 30களுக்கு முந்தையவை அல்ல என்று எனக்குப் பட்டது, சொன்னேன். விலை நாலில் ஒரு பங்குக்கு வந்தது. ரசீதில் 'சியான்லாங்' என்று எழுத வேண்டாம், '20ஆம் நூற்றாண்டு, லூவின் வலது கை பழுது பார்த்தது' என்று எழுதுங்கள் என்றேன். முறைத்தார், அப்புறம் எழுதிக் கொடுத்தார். நோட்டை எண்ணி வைத்துவிட்டு, மூன்றையும் பழைய செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். லூவை மட்டும் பையில் போடாமல் மடியில் வைத்துக்கொண்டேன், அந்தக் கையை ஒட்டியவர் என்ன பசை போட்டாரோ.